விசிலடிக்கும் காது

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கோவையில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை. வாசிப்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான்.

போன மாதம் இரண்டாம் உலகப் போர் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். அட்லாண்டிக் கடலில், நிலவில்லாத இரவுகளில், பிரிட்டிஷ் விமானங்கள் ராடார் வைத்து ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடித்திருக்கின்றன. கும்மிருட்டில் மேலே வந்து மூச்சுவிடுகிற நீர்மூழ்கியின் தலைமேல் திடீரென்று பகல் மாதிரி வெளிச்சம். அடுத்த நொடி குண்டு. பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. கதையாக எழுத ஆசை.

சில சந்தேகங்கள். ரேடார் என்ற ஒரே கருவிதான் அட்லாண்டிக் போரை முடித்துவைத்தது என்கிறார்கள். ஓர் எந்திரம் வரலாற்றைத் திருப்பிப் போடுமா? வரிசையாகப் படகுகளை இழந்தும் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத அளவுக்கு ஜெர்மன் அட்மிரல் டோனிட்ஸ் முட்டாளா? இன்னொன்று. இரவில் எதிர்பாராமல் அடிப்பது, அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து தூங்கியவர்களைக் கொன்றது போலத்தானே? அதில் அறம் எங்கே இருக்கிறது? கடைசியாக, கதையின் நாயகனாக அந்த விமானியை வைக்கலாமா? அவனைத் தமிழனாக ஆக்கிவிட்டால் நம் வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்குமா? ராடர் பற்றித் தமிழில் யாரும் கதை எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

பெயரைப் போட வேண்டாம்.

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜைமேல் அப்பாவின் காது மிஷின் கிடந்தது. கோவில்பட்டி வீட்டை விற்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அவருடைய தகரப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது. ஒரு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் டோனிட்ஸை முட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தப் பதில். மற்றபடி போர்க்கதை எழுத ஆசைப்படுகிறவர்களின் கடிதம் எனக்கு மாதம் நாலு வருகிறது.

முதலில் அசுவத்தாமனை விட்டுவிடுங்கள். எதற்கெடுத்தாலும் பாரதத்திலிருந்து ஒரு ஆளை இழுத்துவந்து நிறுத்துவது நமக்கெல்லாம் ஒரு வியாதி. எனக்கும் உண்டு. அந்த நீர்மூழ்கிக்காரர்கள் ராத்திரியில் கடல்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. இருட்டில் கடல்மேல் மிதந்தபடியே சரக்குக் கப்பல் கூட்டத்துக்குள் புகுந்து டார்பிடோ விட்டவர்கள். அந்தக் கப்பல்களின் அடித்தட்டில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்களில் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள் ஏராளம். அந்தப் போரில் செத்த இந்தியக் கப்பலாட்கள் மட்டும் 6,000 பேருக்கு மேல். அவர்களுக்கும் யாரும் சங்கு ஊதிவிட்டு அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் இருட்டைத்தான் நம்பின. யார் அறம் மீறினார்கள் என்று தீர்ப்பு எழுத நாம் ஒன்றும் விதுரர் இல்லை.

தமிழ் விமானியும் வேண்டாம். பிஸ்கே வளைகுடாவுக்கு மேலே பறக்கிற வெலிங்டன் விமானத்தில் ஒரு தமிழனை உட்கார வைத்து அவனுக்கு அம்மா கை மோர்க்குழம்பு ஞாபகம் வருகிறது என்று எழுதப் போகிறீர்கள். தெரியும். நம் மண் வேண்டுமென்றால், அதே போரில் செங்குன்றம் ஏரித் தண்ணீரில் கேட்டலினா கடல்விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. நீர்மூழ்கி தேடி வங்காள விரிகுடாவுக்கு மேல் பறந்தவை. ஏரிக்கரையில் மாடு மேய்த்த பையன் அதைப் பார்த்திருப்பான். அவனை எழுதுங்கள். ஆனால் அது வேறு கதை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ராடார் மட்டும் போதவில்லை. உங்கள் வீடியோ வேகவேகமாகக் கடந்துபோன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தக் காலத்து நீர்மூழ்கி பேருக்குத்தான் நீர்மூழ்கி. டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும். ஆகவே தண்ணீருக்குள்ளே பேட்டரியில்தான் ஓட வேண்டும். ஆள் வேகநடை போடுகிற வேகத்தில், மணிக்கு 4 கடல்மைல், ஊர்ந்தால்கூட 80 கடல்மைலில் பேட்டரி ஓய்ந்துவிடும். பிறகு மேலே வந்து டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். பம்ப்செட்காரர் உங்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சுக் கரையில் பிரெஸ்ட், லோரியன், சான் நசேர் துறைகளிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு படகும் பிஸ்கே வளைகுடாவைத் தாண்டித்தான் அட்லாண்டிக்குக்குள் போக முடியும். பகலில் முங்கிக் கிடப்பார்கள். ராத்திரியில் மேலே வந்து முழு வேகத்தில் ஓடுவார்கள். ராத்திரி அவர்களுடையது.

பிரிட்டிஷ் விமானங்களில் அப்போது இருந்தது ஒன்றரை மீட்டர் அலைநீள ராடார். அது பல மைல் தூரத்திலிருந்தே கடல்மேல் ஒரு இரும்பு மிதக்கிறது என்று காட்டிவிடும். நெருங்க நெருங்கத்தான் சங்கடம். கடைசி ஒரு மைலுக்குள் வந்ததும் கடல் அலையிலிருந்து திரும்புகிற எதிரொலிக் குப்பைக்குள் அந்தப் புள்ளி கரைந்துவிடும். பகலென்றால் கவலை இல்லை, அதற்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இருட்டில்? வீட்டு வாசல்வரை கூட்டிவந்துவிட்டுக் கையை விட்டுவிடுகிற வழிகாட்டி அது. அப்படியும் 1941 டிசம்பரில் ஜிப்ரால்டர் பக்கம் ஒரு ஸ்வார்ட்ஃபிஷ் விமானம் ராடாரை வைத்து யு-451 என்ற படகை ராத்திரியில் மூழ்கடித்தது. எப்போதோ ஒரு முறை வாய்க்கிற காரியம் அது.

அந்தக் கடைசி ஒரு மைலைக் கடந்தவர் விஞ்ஞானி இல்லை. ஹம்ப்ரி லீ என்று ஒரு அதிகாரி, விமானப்படையின் கடலோரப் பிரிவுத் தலைமையகத்தில் ஆட்களுக்கு மாறுதல் உத்தரவு போடுகிற நாற்காலியில் இருந்தவர். முதல் உலகப் போரில் கடல்மேல் பறந்து பழகியவர். 1940இல் தலைமைத் தளபதி பவ்ஹில் எல்லாரிடமும் யோசனை கேட்டபோது, விமானத்தின் வயிற்றில் ஒரு தேடுவிளக்கை மாட்டி, ராடார் குருடாகிற இடத்தில் அதைப் போட்டால் என்ன என்று எழுதிக் கொடுத்தார். 24 அங்குல விளக்கு. வெலிங்டன் விமானத்துக்கு அடியில் குப்பைத்தொட்டி மாதிரி இறக்கி ஏற்றுகிற கூண்டு. எல்லாம் கூடிவரும்போது தளபதி மாறினார். புதிதாக வந்த ஜூபர், வேறொருவர் செய்த வேறொரு விளக்கில் நம்பிக்கை வைத்து, லீயைப் பழைய மேஜைக்கே போகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் கழித்து, தான் செய்தது தப்பு என்று அவரே சொல்லி லீயைத் திரும்பக் கூப்பிட்டார். தப்பு என்று சொன்ன மேலதிகாரியை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் முப்பது வருடம் ஆபீசில் இருந்தேன். ஒருவரையும் பார்த்ததில்லை. உங்கள் கதையில் ஜூபர் ஒரு பத்தியாவது வர வேண்டும்.

1942 ஜூன் 4 அதிகாலையில் அந்த விளக்கு முதல்முறை எரிந்தது. இங்கிலாந்தின் டெவன் கரையிலிருக்கும் சிவனார் விமானதளத்திலிருந்து கிளம்பிய 172ஆம் ஸ்குவாட்ரன் வெலிங்டன். ஓட்டியவர் கிரெஸ்வெல். ராடார் ஒரு புள்ளியைக் காட்டியது, நெருங்கினார், விளக்கைப் போட்டார். கீழே ஒன்றும் தட்டுப்படவில்லை. உயரம் காட்டும் கருவி காற்றழுத்தத்தை வைத்து ஓடுவது. அழுத்தம் மாறியிருந்ததால் விமானம் நினைத்ததைவிட உயரத்தில் பறந்திருக்கிறது. வெளிச்சம் படகைத் தாண்டி எங்கோ விழுந்துவிட்டது. அப்போது கீழே இருந்தவர்கள், வந்தது தம் பக்கத்து விமானம் என்று நினைத்து அடையாள வாணத்தைக் கொளுத்தினார்கள். இங்கே இருக்கிறோம் என்று. அடுத்த சுற்றில் கிரெஸ்வெல் தவறவிடவில்லை. அது இத்தாலியப் படகு, லூயிஜி தொரெல்லி. மூழ்கவில்லை. அடிபட்டு, ஸ்பெயின் கரையில் தட்டி, எப்படியோ தப்பி, பிறகு கிழக்கே வந்து இத்தாலியக் கொடி போய் ஜெர்மன் கொடி, அதுவும் போய் ஜப்பான் கொடி என்று மூன்று கொடியின் கீழ் ஓடி முடித்தது. ஆயுள் கெட்டி.

யு-502க்கு அந்த ஆயுள் இல்லை. கரீபியனிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த படகு. ஜூலை 5 இரவு. பிரிட்டிஷ் படையில் சேர்ந்திருந்த ஹவல் என்ற அமெரிக்கர் ஓட்டிய வெலிங்டன். 52 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விளக்கு எரிவதற்கும் குண்டு விழுவதற்கும் நடுவே இருபது, இருபத்தைந்து நொடிதான். தலையைத் தூக்கிப் பார்க்கலாம், ஒரு பேரைச் சொல்லிக் கத்தலாம், அவ்வளவுதான். அந்த மாதமே டோனிட்ஸ் உத்தரவு போட்டார்: இனி ராத்திரியில் முங்கியிருங்கள், பகலில் மேலே வாருங்கள், பகலில் வருகிற விமானத்தையாவது கண்ணால் பார்க்கலாம். விரல்விட்டு எண்ணிவிடலாம், அத்தனை சொற்ப விளக்கு விமானங்கள். அவை ராத்திரியைப் பிடுங்கிக்கொண்டன.

இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்காக. இனிமேல் சொல்லப் போவது எனக்காக.

ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் ஒரு காதைச் செய்து மாட்டினார்கள். பாரிசில் இருந்த கம்பெனியின் பெயரிலேயே அதற்கு மெடாக்ஸ் என்று பெயர். ராடார் அலை எதிரொலியாகத் திரும்பி விமானத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் படகைத் தொட்டாக வேண்டும் அல்லவா? தொடுகிற அந்த அலையைப் பிடித்து ஹெட்போனில் ரீங்காரமாகக் கேட்க வைக்கிற ரேடியோப் பெட்டி அது. அதன் அன்டெனா ஒரு மரச்சிலுவை. கம்பி சுற்றிய இரண்டு கட்டை, வேறொன்றுமில்லை. பிஸ்கே சிலுவை என்றே கூப்பிட்டார்கள். மேலே வந்ததும் ஒருவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஏணியேறி மேல்தளத்தில் மாட்டி, கையாலேயே திருப்ப வேண்டும். முங்குவதென்றால் கம்பியோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு துவாரத்துக்குள் குதிக்க வேண்டும். எத்தனை சிலுவை அந்த அவசரத்தில் உடைந்ததோ. ஆனால் வேலை செய்தது. ரீங்காரம் கேட்டதும் முங்கிவிடுவார்கள். விளக்கு விமானம் வந்து பார்த்தால் வெறும் தண்ணீர். அந்த இலையுதிர்காலம் முழுக்க வெலிங்டன்கள் ராத்திரி ராத்திரியாகக் கடலைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பின. இரண்டு மரக்கட்டை!

1943 மார்ச்சில் பிரிட்டிஷ்காரர்கள் அலையை மாற்றினார்கள். ஒன்றரை மீட்டர் போய் 10 சென்டிமீட்டர். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் 1940இல் செய்த, அந்தக் குட்டை அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான் என்ற செப்புக் கட்டிதான் அதன் உயிர். அதை முதலில் யாருக்குக் கொடுப்பது, நகரங்களில் குண்டு போடப் போகிற விமானங்களுக்கா, கடலில் நீர்மூழ்கி தேடுகிறவைக்கா என்று உள்ளுக்குள் பெரிய அடிதடி. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். இப்போது விஷயம் இதுதான். மெடாக்ஸ் காதுக்கு 10 சென்டிமீட்டர் அலை கேட்காது. அதன் கேட்கும் எல்லைக்கு வெளியே. ஹெட்போனில் நிசப்தம். நிசப்தம் என்றால் மேலே யாருமில்லை என்று பொருள். ஏழு மாதமாக அப்படித்தான் உயிர் பிழைத்திருக்கிறார்கள். அந்த நிசப்தத்துக்குள்ளிருந்து விளக்கு எரிந்தது.

இங்கேதான் நீங்கள் டோனிட்ஸை முட்டாள் என்கிறீர்கள். எஸ்., விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனைத் திட்டாதீர்கள். உங்களுக்கு அந்த வீடியோவில் அம்புக்குறி போட்டு, இசை போட்டு, எண்பது வருடம் கழித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மேஜையில் என்ன இருந்தது? படகு வரவில்லை என்ற தகவல். அவ்வளவுதான். கடைசியாக என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் கடலுக்கடியில். தப்பி வந்த ஒன்றிரண்டு பேர் சொன்னது ஒன்றேதான்: மெடாக்ஸில் எதுவும் கேட்கவில்லை, திடீரென்று வெளிச்சம்.

அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஹிட்லருக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்தவர். ஹிட்லர் தனக்குப் பிறகு என்று எழுதிவைத்த ஆள். நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் 10 வருடம் சிறை வாங்கினார். ஆனால் 1943 மே மாதம் மட்டும் 41 படகுகள் போயின. அதில் ஒன்றில் அவருடைய இளைய மகன் பீட்டர் இருந்தான். 19ஆம் தேதி. 24ஆம் தேதி வட அட்லாண்டிக்கிலிருந்து படகுகளை விலக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நடுவில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் ஒரு மனிதன் எதையெல்லாம் சந்தேகப்பட்டிருப்பான் என்று உட்கார்ந்து யோசித்துவிட்டு முட்டாள் என்று எழுதுங்கள்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். கரையில் துரோகி இருக்கிறானா என்று பார்த்தார்கள். என்ஜின் சூட்டை வைத்து அகச்சிவப்புக் கதிரில் பார்க்கிறார்களோ என்று பார்த்தார்கள். புது ராடாராக இருக்குமோ என்ற பேச்சும் இருந்தது. இருக்காதா என்ன, பிப்ரவரித் தொடக்கத்திலேயே ராட்டர்டாம் பக்கம் விழுந்த ஒரு குண்டுவீச்சு விமானத்திலிருந்து அந்தச் செப்புக் கட்டியை எடுத்துவிட்டார்கள். பொருள் கையில் இருக்கிறது. ஆனால் அது தரையைப் பார்க்கிற கருவி என்று ஒரு இலாகாவின் மேஜையில் இருக்கிறது. இழவு இன்னொரு இலாகாவின் வீட்டில் விழுகிறது. நம் ஊர் அரசாங்க ஆபீசில் காலம் தள்ளியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தங்கள் எனிக்மா சங்கேதத்தையே எதிரி படிக்கிறானோ என்றும் டோனிட்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டார். வாய்ப்பே இல்லை என்று நிபுணர்கள் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். படித்துக்கொண்டுதான் இருந்தான்.

அப்புறம்தான் அந்தக் கைதி வருகிறான். அந்தக் கோடையில் பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் விமானி, விசாரணையில் ஒரு கதையை எடுத்துவிட்டான். நாங்கள் ராடாரை அதிகம் போடுவதே இல்லை, உங்கள் மெடாக்ஸ் இருக்கிறதே, அது ஒரு அலையைக் கசிய விடுகிறது, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறோம் என்று. பச்சைப்பொய். ஜெர்மானியர்கள் உடனே சோதித்துப் பார்த்தார்கள். அங்கேதான் விதி. மெடாக்ஸ் உண்மையிலேயே கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கால ரேடியோப் பெட்டிகள் எல்லாமே கொஞ்சம் கசியும். உள்ளேயே ஒரு அலையை உண்டாக்கித்தான் வெளியலையைப் பிடிக்கின்றன. பொய் சொன்னவனுக்கே தெரியாமல் அவன் பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் உத்தரவு போனது: மெடாக்ஸை அணைத்துவிடுங்கள்.

சொந்தக் காதைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். 10 சென்டிமீட்டர் அலைக்கு அந்தக் காதால் பயனில்லை, சரி. ஆனால் பழைய ஒன்றரை மீட்டர் ராடாரோடு பறந்துகொண்டிருந்த விமானங்களும் அப்போது இருந்தன. அவற்றின் சத்தமும் சேர்ந்து போயிற்று. கசியாத புதுப் பெட்டி செய்வதில் நாள் போயிற்று. 10 சென்டிமீட்டர் கேட்கிற நாக்ஸோஸ் என்ற கருவி வர அந்த வருடக் கடைசி நெருங்கிவிட்டது.

இப்போது என் மேஜைக்கு வருகிறேன்.

அப்பா கோவில்பட்டியில் ஒரு நூற்பு மில்லில் இருபத்திரண்டு வருடம் ஸ்பின்னிங்கில் நின்றவர். அந்த இரைச்சல் முதலில் தின்பது கீச்சென்ற சத்தங்களைத்தான். சைக்கிள் மணி, குழந்தை அழுகை, குக்கர் விசில். பிறகு மெல்ல மெல்ல மற்றதும். மதுரையில் ஒரு கடையில் காது மிஷின் வாங்கினார். இப்போது வருகிற மாதிரி காதுக்குள் ஒளிகிற சமாச்சாரம் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, சட்டைப் பையில் இருக்கும். அதிலிருந்து பின்னிய ஒயர் ஏறிக் காதில் ஒரு அச்சில் முடியும். ஓரத்தில் கட்டைவிரலால் உருட்டுகிற சக்கரம். கடைசிவரை உருட்டினால் டிக்கென்று அணையும்.

காது அச்சு கொஞ்சம் தளர்ந்தால் சத்தம் வெளியே கசிந்து திரும்பவும் பெட்டிக்குள்ளேயே போய் வீல் என்று கத்தும். நாலு வீடு தள்ளிக் கேட்கும். கேட்காதது அவர் ஒருவருக்குத்தான். அந்தக் கீச்சைத்தான் மில் எப்போதோ தின்றுவிட்டதே. அடுத்தவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம் ஓய்ந்த அந்த ஒரு கணத்தில் கத்தியது. பந்தலே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவருக்கு அந்த மிஷின்மேல் ஒரு பயம். நாங்கள் யாராவது பக்கத்தில் போனாலே கேட்பார்.

"ஏல, கத்துதா?"

இல்லை என்று தலையாட்டினால் நிம்மதியாகப் பேப்பரைப் பிரிப்பார். ஆமாம் என்றால் உடனே கட்டைவிரல் போகும். டிக்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை கேட்கிற பைத்தியம். மிஷின் போட்டிருந்தால் அவருக்கு டிரான்சிஸ்டர் கேட்கும், புத்தகத்தை எடுலே என்பார். எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. "ஏல, கத்துதா?" என்று கேட்டதும் கத்தாதபோதும், "ஆமாப்பா, கத்துது" என்று சொல்லப் பழகிவிட்டேன். அவர் பதறிப்போய் அணைப்பார். பாவம், எனக்கு நன்றி மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். நான் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மச்சுக்குப் போய்விடுவேன்.

அப்படி ஒரு சாயங்காலம் அம்மா புழக்கடையில் பாசி வழுக்கி விழுந்தாள். இடுப்பில் அடி. எழ முடியவில்லை. கூப்பிட்டிருக்கிறாள். அப்பா முன்திண்ணையில் பேப்பரோடு. கிணற்றடிக்கும் திண்ணைக்கும் இடையே நாற்பது அடி இருக்குமா? மணி ஆறுக்குப் பால் ஊற்ற வந்த அக்காதான் பார்த்துக் கத்தினார். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு மிஷின் கத்தவில்லை. எனக்குத் தெரியும்.

அப்பா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சனியன் பிடித்த மிஷின், கத்தித் தொலைத்துவிட்டது என்று அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கால் கொஞ்சம் இழுத்தபடியேதான் இருந்தது. அன்றிலிருந்து அவர் மிஷினை அணைப்பதே இல்லை. தூங்கும்போதுகூட. தலையணை அழுத்தி அச்சு நகர்ந்து ராத்திரி முழுக்க வீல் வீலென்று கத்தும். அவர் நிம்மதியாகத் தூங்குவார். நாங்கள் மூன்று பேர் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருப்போம். ஒருநாள் நான் எழுந்து அவரை எழுப்பப் போனேன். இருட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதல. கத்திட்டுக் கெடக்கட்டும்."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க இப்போது ஆளும் இல்லை. அந்தக் கைதியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, பொய் சொல்லி எதிரியின் காதை அடைத்த கெட்டிக்காரன் என்று எல்லாரும் ரசிப்பது போல என்னால் ரசிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

நீங்கள் கேட்ட எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. கதைக்கு வருகிறேன். விமானியை வைக்காதீர்கள். அவன் மேலே இருக்கிறான், அவனுக்கு எல்லாம் தெரிகிறது, கதைக்கு அவனால் என்ன பயன்? படகுக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை எழுதுங்கள். 1943 ஆகஸ்ட். இருபது வயது. போன வாரம்வரை அவன் காதை நம்பித்தான் மொத்தப் படகும் மேலே வந்தது. இப்போது கேப்டன் வந்து அணைத்துவிடு என்கிறார். சிலுவையைக் கழற்றி எங்கேயோ ஒரு மூலையில், வெங்காய மூட்டைக்கும் டார்பிடோவுக்கும் நடுவில், செருகி வைத்துவிட்டார்கள். அவனுக்கு இனி அந்த நேரத்தில் என்ன வேலை? கையை எங்கே வைத்துக்கொள்வான்? அதை எழுத முடிந்தால் மற்றது தானாக வரும். அந்தப் படைக்குப் போன சுமார் 40,000 பேரில் 30,000 பேர் அளவுக்குத் திரும்பவில்லை. அதனால் அவன் கடைசியில் சாகிறானா பிழைக்கிறானா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்று. ஒரே கடிதத்தில் ராடார், ரேடார், ராடர் என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

அன்புடன்.